செத்தவர்களில் எழுந்து வருபவர் யார்: ‘டான் ஆஃப் தி டெட்’ படமும் அதன் மறுஆக்கமும்

ஜார்ஜ் ரொமேரோ 1978இல் எடுத்த ‘டான் ஆஃப் தி டெட்’ படத்துக்கும், அதை 2004இல் ஜாக் ஸ்னைடர் மறுஆக்கம் செய்த படத்துக்கும், ஜாம்பிகள் நடக்கின்றனவா ஓடுகின்றனவா என்பதைத் தாண்டி என்ன வேறுபாடு இருக்கிறது, இரண்டில் எதை மேல் என்று சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும்: மூலப்படம் நுகர்வு வெறியைக் கேலி செய்கிறது, மறுஆக்கம் விறுவிறுப்பாகப் போகிறது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டு படங்களையும் பல முறை பார்த்த பிறகு எனக்குப் படுவது, இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே ஒரு விதியிலிருந்து கிளைத்தவை என்பதுதான். செத்தவர்களில் யார் எழுந்து வருகிறார்கள் என்பதே அந்த விதி. இதை இரண்டு படங்களின் முடிவையும் வெளியிடாமல் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலப்படத்தில் முக்கியமானவர்கள் நான்கே பேர். தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்க்கும் ஃபிரான், அவளுடைய காதலனும் அதே நிலையத்தின் ஹெலிகாப்டர் ஓட்டியுமான ஸ்டீபன், காவல்துறையின் அதிரடிப் படையைச் சேர்ந்த பீட்டர், ரோஜர் ஆகிய நால்வரும் பிலடெல்பியா நகரம் கைநழுவிப் போகும் இரவில் ஹெலிகாப்டரில் தப்பித்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய மாலின் கூரையில் இறங்குகிறார்கள். உள்ளே திரியும் செத்தவர்களைக் கொன்று, வாயில்களை அடைத்து, மாலைத் தங்கள் வீடாக்கிக்கொள்கிறார்கள். மறுஆக்கம் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கிப் பகுதியில் நடக்கிறது. செவிலியரான அனா, காவலர் கென்னத், தொலைக்காட்சிப் பெட்டி விற்பவரான மைக்கேல், ஆந்த்ரே, அவனுடைய கர்ப்பிணி மனைவி லூடா ஆகியோர் ஒரு மாலுக்குள் தஞ்சம் புகுகிறார்கள். அங்கே ஏற்கெனவே மூன்று பாதுகாவலர்கள் இருக்கிறார்கள். பிறகு ஒரு லாரி நிறைய இன்னும் சிலர் வந்து சேர்கிறார்கள். மால், அதன் கூரை, கூரையிலிருந்து பார்த்தால் தெரியும் செத்தவர் கூட்டம் ஆகிய மூன்றைத் தவிர ஜேம்ஸ் கன் எழுதிய திரைக்கதை மூலப்படத்திலிருந்து அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. கதாபாத்திரம் ஒன்றுகூட அப்படியே வரவில்லை.

இனி அந்த விதிக்கு வருவோம். ரொமேரோவின் உலகில் எந்தக் காரணத்தால் செத்தாலும் பிணம் எழுந்து நடக்கும். கடி பட்டால் சாவு நிச்சயம் என்பது உண்மைதான், ஆனால் கடி என்பது சாவதற்கான பல வழிகளில் ஒன்று மட்டுமே. மாரடைப்பில் போனவரும் எழுவார், தற்கொலை செய்துகொண்டவரும் எழுவார். ஆகவே உயிரோடு இருக்கும் ஒவ்வொருவரும் இன்னும் ஜாம்பி ஆகாத ஜாம்பிதான். கூரையில் நின்று கீழே மோதும் கூட்டத்தைப் பார்க்கும்போது அவர்கள் யார் என்ற கேள்விக்குப் பீட்டர் மிகச் சாதாரணமாக, அவர்கள் நாம்தான், வேறொன்றுமில்லை என்கிறான். அதைத் தத்துவமாகவோ குத்தலாகவோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த உலகின் விதிப்படி அது வெறும் தகவல்.

ஸ்னைடர் படத்தில் இந்த விதி மாற்றப்பட்டிருக்கிறது. அங்கே கடிபட்டுச் செத்தவர்கள் மட்டுமே எழுகிறார்கள். லாரியில் வந்தவர்களில் ஒரு பெண் செத்து எழுந்து அனாவைத் தாக்கியதும், காரணம் கடிதான் என்று அனா கண்டுகொள்கிறாள். அந்தக் கணத்திலிருந்து படம் தொற்றுநோய்ப் படமாகிவிடுகிறது. நோய் என்றால் நோயாளி, நோயற்றவர் என்ற பிரிவு வரும்; உள்ளே, வெளியே என்ற எல்லை வரும்; யார் உடம்பில் காயம் இருக்கிறது என்ற சோதனை வரும். செத்தவர்கள் நாம்தான் என்ற வாக்கியத்தை இந்தப் படத்தில் யாரும் சொல்ல முடியாது. கடிபடாமல் பார்த்துக்கொண்டால் அவர்கள் வேறு, நாம் வேறு. மறுஆக்கம் மூலப்படத்தின் வசனம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் போடும் இடத்தில் இது பளிச்சென்று தெரிகிறது. செத்தவர்கள் ஏன் மாலுக்கு வருகிறார்கள் என்று கேட்கும்போது, மூலப்படத்தில் ஸ்டீபன் சொல்லும் பதில், ஏதோ உள்ளுணர்வு, முன்பு செய்ததன் ஞாபகம், இது அவர்கள் வாழ்க்கையில் முக்கியமான இடமாக இருந்தது என்பதாகும். மறுஆக்கத்தில் அதே கேள்விக்கு ஞாபகமாக இருக்கலாம், உள்ளுணர்வாக இருக்கலாம் என்று பதில் தொடங்கி, நம்மைத் தேடி வருகிறார்களோ என்னவோ என்று முடிகிறது. கடைசியில் ஒட்டிய அந்தச் சிறு வால் மூலப்படத்தின் முழுக் கருத்தையும் அமைதியாகக் கழற்றி வைத்துவிடுகிறது. கடைகளுக்காக வந்தவர்கள் இப்போது இரைக்காக வருகிறார்கள்.

மால் என்ற இடத்தின் பொருள் இங்கேதான் பிரிகிறது. ரொமேரோ பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் நகருக்குக் கிழக்கே இருக்கும் மன்ரோவில் மாலில் படம்பிடித்தார். 1969இல் திறக்கப்பட்ட அந்த மால் அப்போது நன்றாக நடந்துகொண்டிருந்த வியாபாரத் தலம். பகலில் வாடிக்கையாளர்கள், இரவு கடைகள் மூடிய பிறகு படப்பிடிப்பு, காலையில் மீண்டும் திறப்பதற்குள் இரத்தத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வெளியேற வேண்டும். 1977 கிறிஸ்துமஸ் வந்தபோது அலங்காரங்களைத் தினமும் கழற்றி மாட்ட முடியாது என்பதால் படப்பிடிப்பையே நிறுத்திவைத்து, பண்டிகை முடிந்த பிறகு தொடர்ந்தார்கள். ஆகவே நாம் திரையில் பார்ப்பது அன்றைய அமெரிக்கர்கள் உண்மையிலேயே பொருள் வாங்கிய கடைகளை. ஸ்னைடருக்குக் கிடைத்ததோ கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இடிக்கப்படவிருந்த ஒரு மால். கடைகளைப் படக்குழுவே உருவாக்கிக்கொண்டது. அவற்றில் ஒன்றுக்கு மூலப்படத்தில் ஃபிரானாக நடித்த கேலன் ராஸின் பெயரையே வைத்தார்கள். வணக்கம் சொன்னது அழகுதான், ஆனாலும் இது அரங்கம், அது இடம் என்ற வேறுபாடு திரையில் தெரியத்தான் செய்கிறது.

மூலப்படத்தின் நடுப்பகுதியை அலுப்பூட்டுகிறது என்று பலர் சொல்வார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் நினைத்தேன், ஏனென்றால் நான் முதலில் பார்த்தது மறுஆக்கம். அந்த வேகத்துக்குப் பழகிய கண்ணோடு பழைய படத்தில் உட்கார்ந்தபோது நாற்பது நிமிடம் யாரும் யாரையும் துரத்தவில்லையே என்று எரிச்சல் வந்தது. அந்த அலுப்புதான் படத்தின் மையம் என்பது இரண்டாம் முறை பார்த்தபோதுதான் புரிந்தது. அவர்கள் வென்றுவிட்டார்கள். கதவுகள் அடைபட்டுவிட்டன, உள்ளே இருந்த பிணங்களை அப்புறப்படுத்தியாகிவிட்டது, உணவு, உடை, துப்பாக்கி, நகை என்று எல்லாமே இலவசம். மாலின் வங்கிக்குள் போய்ப் பணக்கட்டுகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. மாலுக்குள் இருக்கும் பனிச்சறுக்குத் தளத்தில் ஃபிரான் சறுக்கிக்கொண்டிருக்கிறாள். பீட்டர் மேசை போட்டு இருவருக்கும் இரவு விருந்து பரிமாறுகிறான், ஸ்டீபன் மோதிரத்தை நீட்டுகிறான், இப்போது இதற்கு அர்த்தமில்லை என்று ஃபிரான் மறுத்துவிடுகிறாள். காசு கொடுக்காமல் எடுத்த மோதிரத்தில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்வதில்லை, ஆனால் அந்த மௌனத்தில் அது கேட்கிறது.

இந்தப் பகுதிக்குச் சற்று முன்பு ஒரு காட்சி வரும், அதை ஒவ்வொரு முறையும் நான் காத்திருந்து பார்ப்பேன். மற்ற மூவரும் வேலையில் இருக்கும்போது ஃபிரான் ஒரு கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே விளையாட்டுச் சீருடை அணிந்த ஓர் இளைஞனின் பிணம் வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவளைப் போலவே மெல்லத் தரையில் உட்கார்ந்துகொள்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வசனம் இல்லை. பயமும் இல்லை. ஓடும் ஜாம்பியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு காட்சியை எடுக்கவே முடியாது. வேகத்தைப் பற்றிய வாதம் முழுவதையும் இந்த ஒரு காட்சியைச் சொல்லி முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

மறுஆக்கம் இந்த நடுப்பகுதியைச் சில நிமிடத் துண்டுக்காட்சித் தொகுப்பாக மாற்றிவிட்டது. மெட்டல் இசைக்குழு ஒன்றின் ஆவேசமான பாடலை, விடுதிக் கூடத்தில் பாடுவது போன்ற குழைவான குரலில் ரிச்சர்ட் சீஸ் பாடியதைப் பின்னணியில் ஓடவிட்டு, மாலுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் விளையாடுவதையும் உடுத்திப் பார்ப்பதையும் காதலிப்பதையும் காட்டுகிறார்கள். நகைச்சுவையாக இருக்கிறது. தெருவுக்கு அப்பால் துப்பாக்கிக் கடையின் கூரையில் தனியாக மாட்டிக்கொண்ட ஆண்டி என்பவனோடு, கென்னத் பெரிய எழுத்துகளை எழுதிக் காட்டிப் பேசுவதும், இருவரும் தொலைநோக்கி வழியாகச் சதுரங்கம் ஆடுவதும் ஸ்னைடர் படத்தின் சொந்தச் சொத்து. மூலத்தில் இல்லாத நட்பு அது. ஆனால் அதே கூரையில் நின்று, கூட்டத்தில் பிரபலங்களின் சாயல் உள்ள பிணங்களை அடையாளம் சொல்லி ஆண்டியைச் சுடவைக்கும் விளையாட்டு வரும்போது, படம் செத்தவர்களை எப்படிப் பார்க்கிறது என்பது தெளிவாகிவிடுகிறது. அவை குறிபார்க்கும் பலகைகள்.

இப்போது வேகத்துக்கு வருகிறேன். ஓடும் ஜாம்பியை ஸ்னைடர் கண்டுபிடிக்கவில்லை. 1985இல் வந்த ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்திலேயே பிணங்கள் ஓடின. 2002இல் டேனி பாயில் எடுத்த ‘28 டேஸ் லேட்டர்’ படத்தின் ஓட்டக்காரர்கள் செத்தவர்களே அல்லர், வெறிநோய் தொற்றிய உயிருள்ள மனிதர்கள். செத்த உடம்பு ஓடினால் கணுக்கால் முறிந்துவிடும் என்று ரொமேரோ பல முறை கிண்டலாகச் சொன்னதுண்டு. மறுஆக்கத்தைப் பற்றிப் பேட்டியில் கேட்டபோது, எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது, முதல் பதினைந்து இருபது நிமிடங்கள் அருமை, பிறகு படம் தான் இருப்பதற்கான காரணத்தை இழந்துவிட்டது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

மெதுவாக நடப்பது யதார்த்தமா என்பதைவிட, அது யாரைக் குற்றவாளி ஆக்குகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூலப்படத்தில் பிணங்களைத் தாண்டிச் சும்மா ஓடிப்போய்விடலாம். பீட்டரும் ரோஜரும் பொருள்களைத் தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, நடுவே சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள். அப்படியிருந்தும் ரோஜர் கடிபடுகிறான், ஏனென்றால் வாயில்களை அடைக்க லாரிகளைக் கொண்டுவரும் வேலையில் அவனுக்கு வெற்றி போதை தலைக்கேறிவிடுகிறது. பீட்டர் அதட்டியும் கேட்பதில்லை. மெதுவான ஜாம்பியிடம் யாராவது சிக்கிச் செத்தால் அங்கே ஒரு மனிதன் தவறு செய்திருக்கிறான் என்று பொருள். வேகமான ஜாம்பிக்கு யாரும் தவறு செய்ய வேண்டியதில்லை; ஒரு வாகனத்தின் கதவு திறந்த நேரம் போதும். அதனால்தான் மறுஆக்கத்தில் கதையை நகர்த்த யாராவது மடத்தனம் செய்ய வேண்டியிருக்கும்போது அது துருத்திக்கொண்டு தெரிகிறது. பசியில் வாடும் ஆண்டிக்கு உணவைக் கட்டி அனுப்பிய நாயின் பின்னாலேயே நிக்கோல் என்ற பெண் லாரியை எடுத்துக்கொண்டு போவதும், அவளை மீட்க மற்றவர்கள் உயிரைப் பணயம் வைப்பதும் திரைக்கதையின் மிகப் பலவீனமான இடம். ஆட்களை மாலிலிருந்து வெளியே தள்ள எழுத்தாளருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இத்தனை சொன்ன பிறகு மறுஆக்கத்தை நான் மட்டம் தட்டுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதே தொற்று விதி, மூலப்படத்தால் தர முடியாத ஒன்றை இதற்குத் தந்திருக்கிறது. இரண்டு படங்களிலும் இருக்கும் ஒரே மாதிரியான காட்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலப்படத்தில் கடிபட்ட ரோஜர் படுக்கையில் கிடக்கிறான். திரும்பி வராமலிருக்க முயற்சி செய்கிறேன் என்று பீட்டரிடம் சொல்கிறான். மன உறுதியால் அது நடக்காது என்பது இருவருக்கும் தெரியும். அவன் செத்த பிறகு பீட்டர் எதிரே துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். போர்வை மெல்ல அசைகிறது, விலகுகிறது, ரோஜரின் சாம்பல் நிற முகம் எழுகிறது, சுடுகிறான். அது ஒரு நண்பனின் கடமை, சடங்கு போல நிதானமானது.

மறுஆக்கத்தில் ஃபிராங்க் என்பவர் கடிபட்டு வருகிறார், நிக்கோலின் தகப்பன். அவர் இன்னும் சாகவில்லை, நன்றாகப் பேசுகிறார், ஆனால் நிச்சயம் சாவார், நிச்சயம் எழுவார். இப்போதே கொன்றுவிட வேண்டும் என்கிறான் மைக்கேல். அனா தடுக்கிறாள். துப்பாக்கியோடு வந்த மைக்கேலிடம் ஃபிராங்க் கெஞ்சவில்லை. மனிதனுக்கு ஒவ்வொரு நொடியும் வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். மகளிடம் விடைபெறுகிறார். பிறகு ஒரு கடையில் உட்கார்ந்துகொள்ள, எதிரே கென்னத் துப்பாக்கியோடு காத்திருக்கிறான். கேமரா ஃபிராங்கின் முகத்தைவிட்டு அகல்வதில்லை. உயிர் அடங்குகிறது. கண் திறக்கிறது. சுடும் சத்தம் மட்டும் கேட்கிறது. மேட் ஃப்ரூவருக்கு இந்தப் படத்தில் கிடைத்தது சில நிமிடங்கள்தான். ஆனால் இந்தப் படத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான காட்சி அதுதான். நாள் குறித்துவிட்ட நோயாளியின் அருகில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ‘ஒவ்வொரு நொடியும்’ என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ரொமேரோ இழந்ததாகச் சொன்ன ‘காரணத்தை’ படம் இங்கே, ஐந்து நிமிடத்துக்கு, வேறு வடிவில் கண்டுபிடித்துவிடுகிறது. பிறகு தொலைத்தும் விடுகிறது.

கர்ப்பத்தைக் கையாளும் முறையும் ஒப்பிடத் தக்கது. ஃபிரான் கருவுற்றிருப்பது தெரிந்ததும் ஆண்கள் தங்களுக்குள் அதைப் பற்றிப் பேசி, கருவைக் கலைக்கலாமா என்பது வரை போய்விடுகிறார்கள். அவள் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு எழுந்து வந்து, தன்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்லி, இனி எந்தத் திட்டத்திலும் தனக்குப் பங்கு வேண்டும், துப்பாக்கி வேண்டும், ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறாள். இறுதியில் அந்த ஹெலிகாப்டரை ஓட்டுவது அவள்தான். மறுஆக்கத்தின் லூடாவுக்கு அப்படி ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. கடிபட்ட அவளைக் கணவன் ஆந்த்ரே குழந்தைப் பொருள் கடையில் மறைத்து, கட்டிலில் கட்டிப்போட்டுப் பிரசவம் பார்க்கிறான். அவள் செத்து எழுந்த பிறகும் பார்க்கிறான். காட்சியாக அது கொடூரமான கற்பனை, மறக்க முடியாதது. ஆந்த்ரேவாக நடித்த மெக்கை ஃபைஃபரின் முகத்தில் தெரியும் பிடிவாதம் அதை மலிவாகிவிடாமல் காப்பாற்றுகிறது. ஆனால் அங்கே பெண் வெறும் உடம்பாகத்தான் இருக்கிறாள். அனாவாக நடித்த சாரா பாலியின் கட்டுப்பாடான நடிப்பு இல்லாமல் போயிருந்தால் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

தொடக்கங்களில் யார் வென்றார் என்று கேட்டால் எனக்கு முடிவெடுப்பது கடினம். ஸ்னைடரின் முதல் பத்து நிமிடத்தைப் பாராட்டாதவர்கள் இல்லை. வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் அனா, தெருவில் சக்கரக் காலணியில் பின்னோக்கி ஓட்டிக்காட்டும் பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் இரண்டு வார்த்தை பேசுகிறாள். கணவனோடு குளியலறையில் இருக்கும்போது தொலைக்காட்சியில் வரும் அவசரச் செய்தி யாரும் பார்க்காமலே போய்விடுகிறது. விடிந்ததும் படுக்கையறை வாசலில் அதே சிறுமி நிற்கிறாள், முகம் கிழிந்திருக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் கணவன் கடிபட்டு, செத்து, எழுந்து, அவளைத் துரத்துகிறான். குளியலறை ஜன்னல் வழியாக அவள் தெருவில் விழும்போது ஊரே அழிந்துகொண்டிருக்கிறது. மேலிருந்து காட்டப்படும் அந்தப் புறநகரின் ஒழுங்கான தெருக்களில் புகை எழுவது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு ஜானி கேஷின் பாடலோடு வரும் பெயர்க்காட்சியும் திறமையானதுதான். ஆனால் உலகம் அழிவதைக் காட்டும் அந்தத் தொகுப்பை, தொழுகையில் குனியும் முஸ்லிம் கூட்டத்தின் காட்சியோடு தொடங்கியிருக்கத் தேவையில்லை. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு இரண்டரை ஆண்டு கழித்து வந்த படத்தில் அது என்ன அர்த்தம் தரும் என்பது எடுத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ரொமேரோ தொடங்குவது குழப்பத்தின் நடுவில், தொலைக்காட்சி நிலையத்தில். திரையில் மீட்பு மையங்களின் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது; அவற்றில் பல ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டன, அங்கே போகிறவர்கள் சாவார்கள் என்று ஃபிரான் பட்டியலை நிறுத்துகிறாள். பட்டியல் ஓடாவிட்டால் மக்கள் வேறு சேனலுக்கு மாறிவிடுவார்கள் என்று நிர்வாகி கத்துகிறார். உடனே அடுத்த காட்சி, கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அதிரடிப் படை நுழைவது. செத்தவர்களை அரசிடம் ஒப்படைக்க மறுத்து, மக்கள் அவர்களை நிலவறையில் வைத்திருக்கிறார்கள். இனவெறி பிடித்த ஒரு காவலன் கண்ணில் பட்டவர்களை எல்லாம் சுடுகிறான். சமுதாயம் பிணங்களால் அழியவில்லை, முன்பே இருந்த விரிசல்களில்தான் பிளக்கிறது என்பதை இந்த இருபது நிமிடம் நிறுவிவிடுகிறது. மறுஆக்கத்தில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. அங்கே புறநகர் நன்றாகத்தான் இருந்தது, நோய் வந்து கெடுத்தது.

அதனால்தான் முடிவை நெருங்கும்போதும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. மூலப்படத்தில் மாலை உடைப்பது பிணங்கள் அல்ல, கொள்ளையடிக்க வந்த மோட்டார் சைக்கிள் கும்பல். ஒளிந்திருந்தால் அவர்கள் எடுப்பதை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஸ்டீபனால் பொறுக்க முடிவதில்லை. இது எங்களுடையது, நாங்கள் பிடித்தது என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் குண்டைச் சுடுகிறான். யாருடைய கடைகள், யாருடைய பொருள்கள்? அவன் செத்துப் பிணமாக எழுந்த பிறகு, தாங்கள் ஒளிந்திருக்கும் மேல்தளத்தை மறைக்கக் கட்டிய பொய்ச் சுவரை நேராகப் போய் உடைத்து, மற்ற பிணங்களை உள்ளே கூட்டிக்கொண்டு வருகிறான். படத்தின் தொடக்கத்தில் அவன் சொன்ன ஞாபகம் என்ற விளக்கம் அவன் உடம்பிலேயே நிரூபணம் ஆகிறது. திரைக்கதைக் கட்டுமானத்தில் இதைவிடக் கச்சிதமான திருப்பம் இந்த வகைப் படங்களில் வேறு எதிலும் எனக்குத் தெரியவில்லை.

மறுஆக்கத்தில் வெளியிலிருந்து கொள்ளையர் வருவதில்லை. மைக்கேல் கெல்லி நடித்த சிஜே என்ற பாதுகாவலன் தொடக்கத்தில் அந்த இடத்தை நிரப்புகிறான். தன் மால், தன் விதி என்று அதிகாரம் செய்து, வந்தவர்களை அடைத்துவைக்கிறான். பிறகு சிறிது சிறிதாக மாறி, இறுதியில் மற்றவர்கள் தப்பிப்பதற்காகத் தன் உயிரைக் கொடுக்கிறான். நல்ல பாத்திரம், நல்ல நடிப்பு. ஆனால் கவனியுங்கள்: மூலப்படத்தில் நல்லவன் உடைமைக்காரனாகிக் கெடுகிறான், இங்கே உடைமைக்காரன் நல்லவனாகிச் சாகிறான். ஸ்னைடரின் படம் கடைசிவரை வீரத்தை நம்புகிறது.

முடிவும் அப்படித்தான் தலைகீழாக நிற்கிறது. பீட்டர் தற்கொலை செய்துகொள்வதாகவும், ஃபிரான் சுழலும் ஹெலிகாப்டர் இறக்கைக்குள் தலையை நீட்டுவதாகவும் ரொமேரோ முதலில் எழுதியிருந்தார். அதை விட்டுவிட்டு, பீட்டர் கடைசி நொடியில் மனம் மாறி ஓடிவந்து ஏறிக்கொள்வதாகவும், குறைந்த எரிபொருளோடு இருவரும் விடியற்காலையில் பறப்பதாகவும் முடித்தார். இருண்ட படம் மங்கலான ஒளியில் முடிகிறது. மறுஆக்கத்திலோ தப்பியவர்கள் படகில் ஏறிச் சூரிய உதயத்தில் புறப்பட, கடிபட்ட மைக்கேல் கரையிலேயே நின்றுவிடுகிறான். படம் முடிந்தது என்று நாம் எழுந்திருக்கும்போது, பெயர்ப்பட்டியலுக்கு நடுவே கைக்கேமரா பதிவாக அவர்கள் தீவை அடைவதும் அங்கேயும் பிணங்கள் பாய்ந்து வருவதும் துண்டுதுண்டாகக் காட்டப்படுகின்றன. பயம் தருகிறதா என்றால் தருகிறது. ஆனால் வீரத்தை அவ்வளவு நேரம் நம்பச் சொன்ன படம் வாசலில் வைத்துக் காலை வாரிவிடுவது, எனக்குக் குறும்பாகத்தான் தெரிகிறது.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாம் சவினியின் சாம்பல்-நீல ஒப்பனையும் சாயம் போலச் சிவந்த இரத்தமும் இன்று பார்க்கச் சித்திரக்கதை போல இருக்கின்றன, ரொமேரோவுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. பிணங்கள் எஸ்கலேட்டரில் தடுமாறும்போது கோமாளி இசை ஒலிக்கும் படம் அது. மறுஆக்கத்தின் ஒப்பனை அழுகலின் படிநிலைகளை நுணுக்கமாகக் காட்டுகிறது, மருத்துவப் பாடநூல் போல. மூலப்படத்தில் நடித்த கென் ஃபோரீ, ஸ்காட் ரைனிகர், சவினி மூவரும் இதில் தொலைக்காட்சியில் தோன்றும் சிறு வேடங்களில் வருகிறார்கள். நரகத்தில் இடமில்லாமல் போனால் செத்தவர்கள் பூமியில் நடப்பார்கள் என்று பீட்டராக அன்று தாத்தாவின் வாக்காக நினைவுகூர்ந்த ஃபோரீ, இதில் மதப் பிரசங்கியாக அதையே இடித்துரைக்கிறார். அன்று துயரமாக ஒலித்தது இன்று தண்டனைத் தீர்ப்பாக ஒலிக்கிறது.

ஆக எது மேல் என்றால், என் பதில் தயக்கமில்லாமல் மூலப்படம்தான்; ஆனால் இந்த மறுஆக்கம் இல்லாமல் போயிருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். சுமார் 2.6 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்த இந்தப் படத்தின் வெற்றியும் சேர்ந்துதான், பல ஆண்டுகளாக ஜாம்பிப் படம் எடுக்காமல் இருந்த ரொமேரோவுக்கு 2005இல் ‘லேண்ட் ஆஃப் தி டெட்’ எடுக்க வழி திறந்தது. இரண்டையும் புதிதாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 1978 படத்தை முதலில் பாருங்கள். நான் செய்த தவறைச் செய்ய வேண்டாம். அதிலும் பல வடிவங்கள் உலவுகின்றன. இணைத் தயாரிப்பாளரான இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ ஐரோப்பாவுக்காகத் தொகுத்த வடிவம் சற்றுக் குறுகியது, வேகமானது, காப்ளின் குழுவின் இசை நிறைந்தது, ஆனால் நகைச்சுவையைப் பெரும்பாலும் வெட்டிவிட்டது. ரொமேரோவே தொகுத்த 127 நிமிட அமெரிக்கத் திரையரங்கு வடிவத்தில்தான் நான் மேலே சொன்ன அலுப்பும் சிரிப்பும் சரியான அளவில் இருக்கின்றன. அதையே தேடிப் பாருங்கள்.